நாலு ஜிபி லப்டொப்பிலும் ரயில் ஓட்டலாம்

அண்ணாவோ அக்காவோ கம்பஸ் போன காலத்தில் வாங்கிய லப்டொப் இப்போது தம்பியின் மேசையில் கிடக்கும். இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1366க்கு 768 திரை, தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. இந்த வழிகாட்டி அந்த மெஷினுக்கானது. அதில் ரயில் சிமுலேற்றர் ஓடாது என்று கைவிடுகிறவர்களில் பாதிப்பேர் மெஷினுக்கு மிஞ்சிய கேமைப் போட்டுப் பார்த்தவர்கள். மிச்சப்பேர் எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் கண்ணில் பட்ட செற்றிங்கை எல்லாம் குறைத்துக்கொண்டு போனவர்கள்.

எந்தக் கேம் என்பதை முதலில் முடித்துவிடுவோம். ட்ரெயின் சிம் வேர்ல்ட் அன்ரியல் எஞ்சினில் ஓடுவது, அதை மறந்துவிடுங்கள். ட்ரெயின் சிமுலேற்றர் கிளாசிக், ஐ5 பிராசஸரும் 8 ஜிபி ராமும் இருந்தால் அடிமட்ட செற்றிங்கில் நகரும். மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேற்றர் 2001இல் வந்தது, பாரம் குறைவுதான். ஆனால் விண்டோஸ் 10இல் அதை நிறுவுவதே ஒரு வேலை. நமக்குப் பொருத்தமானது ஓப்பன் ரெயில்ஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள். மைக்ரோசொஃப்ட் சிமுலேற்றருக்காக இருபது வருடத்துக்கு மேலாக ஆட்கள் செய்துவைத்த பாதைகளையும் எஞ்சின்களையும் அப்படியே எடுத்து ஓட்டும். அதோடு வேலையை நாலு பங்காகப் பிரித்துச் செய்கிறது: படம் வரைவது, ரயிலின் இயக்கத்தைக் கணக்கிடுவது, டிஸ்கிலிருந்து காட்சிகளை ஏற்றுவது, சத்தம். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்திருங்கள், பிறகு பிழை பிடிக்க இதுதான் உதவும்.

சூடு

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் மத்தியான நேரம் அறைக்குள்ளேயே வெக்கை தாங்காது. பழைய லப்டொப்பின் விசிறியில் பத்து வருடத் தூசி, உப்புவெளி, நிலாவெளிப் பக்கமென்றால் கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து அது களியாகப் படிந்திருக்கும். பிராசஸர் தன் சூட்டு எல்லையை எட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். கேம் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். செற்றிங்ஸில் கை வைக்க வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு, கால் மணித்தியாலம் விளையாடிவிட்டு உச்ச வெப்பநிலையைப் பாருங்கள். 85 பாகைக்குக் கீழே என்றால் பயமில்லை.

மேலே போயிருந்தால் திறந்து துடைக்க வேண்டும். முதலில் சார்ஜரையும் பற்றரியையும் கழற்றுங்கள். விசிறிக்கும் செப்புக் குழாய் முடியும் சல்லடைக்கும் நடுவில் தூசி ஒரு துணிப்பட்டைபோல ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் கெட்டுப்போகும். பிராசஸரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட்சிங்கை எடுத்தால், நடுவில் பூசிய பழைய தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருக்கும். போன் திருத்தும் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு, ஒரு நெல்மணி அளவு புதுப் பேஸ்ட் பிராசஸரின் நடுவில் வைத்தால் போதும். ஹீட்சிங்கின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இலக்கம் இருக்கும். அந்த ஒழுங்கிலேயே, ஒவ்வொன்றையும் பாதி பாதியாக இறுக்குங்கள். ஒரே மூலையை முழுதாக இறுக்கினால் மற்றப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சூடு முன்னையதைவிடக் கூடும்.

பிறகு பின்பக்கத்தை இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்திவையுங்கள். கூலிங் ஸ்டாண்ட் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இரண்டு ஓரத்திலும் ஓ.எல். வினாத்தாள் புத்தகம் ஒவ்வொன்று வைத்தால் காரியம் முடிந்தது, பாஸ்ட் பேப்பருக்கும் ஒரு பயன் கிடைத்ததாக இருக்கும். நடுவில் காற்றுப் போகும் துளை மட்டும் அடைபடக் கூடாது. மெத்தையிலோ மடியிலோ வைத்து ஓட்டவே வேண்டாம்.

ஐ5, ஐ7 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பவர் ஒப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ (தேவைப்படும்போது வேகத்தைத் தானே கூட்டும் வசதி) நின்றுவிடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் ஏறி, சூடாகி, விழுந்து, மறுபடி ஏறும் கூத்து நின்று ஓட்டம் ஒரே சீராக இருக்கும். இந்தத் தலைமுறை ஐ3களில் டர்போ கிடையாது, அவர்களுக்கு இது பலன் தராது.

சார்ஜரையும் பாருங்கள். சில லப்டொப்கள் சார்ஜரின் நடு ஊசியால் அது தன் கம்பனிச் சார்ஜரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். மலிவுச் சார்ஜர் பதில் சொல்லாவிட்டால் பிராசஸரை ஒரு கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே கட்டிவைத்துவிடும். எவ்வளவு துடைத்தாலும் வேகம் 800 மெகாஹேர்ட்ஸில் நின்றால் சந்தேகத்தை அங்கே திருப்புங்கள். பற்றரியில் மட்டும் ஓட்டினாலும் இன்டெல் கிராபிக்ஸ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

காசு செலவழிப்பதென்றால் ராமுக்கு, பிறகு எஸ்எஸ்டிக்கு

தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப், படம் வரையவும் அதே ராமைத்தான் பாவிக்கிறது. 4 ஜிபியில் விண்டோஸ் 10 ஒன்றரை, இரண்டு ஜிபியை எடுத்துக்கொள்ளும், கிராபிக்ஸுக்கு ஒரு பங்கு போகும், மிச்சத்தில்தான் கேம். பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் மிச்சமும் இல்லை.

இங்கே பலருக்குத் தெரியாத சங்கதி: 8 ஜிபி ஆக்குவதென்றால் ஒரே 8 ஜிபி குச்சியாக வாங்காமல் 4 ஜிபி குச்சி இரண்டாகப் போடுங்கள். இரண்டு பள்ளத்திலும் ஒரே அளவுக் குச்சி இருந்தால் மெமரி இரண்டு தடத்தில் ஓடும். 1333 வேக டிடிஆர்3இல் ஒரு தடத்துக்குச் செக்கனுக்கு 10.6 ஜிபி, இரண்டு தடமென்றால் 21 ஜிபிக்கு மேல். இன்டெல் கிராபிக்ஸ் தவிப்பது இந்த அகலத்துக்காகத்தான். ஏற்கனவே ஒரு 4 ஜிபி குச்சி இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்று வாங்கினாலே போதும், இது இருப்பதற்குள் மிகவும் மலிவான வழி.

வாங்கப் போகும்போது பழைய குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் ஸ்டிக்கரில் பிசி3-10600 அல்லது பிசி3-12800 என்று இருக்கும். பிசி3எல் என்று எல் எழுத்து இருந்தால் அது 1.35 வோல்ற் குச்சி. எல் குச்சி பழைய 1.5 வோல்ற் லப்டொப்பிலும் பொதுவாக வேலை செய்யும், மறுபக்கம் சரிவராது. நாலாம் தலைமுறை லப்டொப்பில் எல் இல்லாத குச்சியைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். குச்சியை மாட்டுமுன் அதன் மஞ்சள் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளைத் தட்டிவிடுங்கள். கடலோர வீடுகளில் இந்தப் பற்களில் படியும் மங்கலே பாதிக் கோளாறுக்குக் காரணம்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி, பிரேம் எண்ணிக்கையை (செக்கனுக்குத் திரையில் வரையப்படும் படங்களை) கூட்டாது. கூட்டும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். அது தீர்ப்பது திக்கலை. 2.5 அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். எஸ்எஸ்டி 7 மில்லிமீற்றர் தடிப்பு, பழைய ஹார்ட் டிஸ்க் 9.5, ஆடினால் கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். டிவிடி டிரைவ் பழுதாகிக் கிடந்தால் அதைக் கழற்றி, அந்த இடத்துக்குரிய கடி (caddy) எனப்படும் சட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்கைப் போட்டு, பாவிக்காத பாதைகளை அங்கே வைக்கலாம். கடி 9.5, 12.7 மில்லிமீற்றர் என இரண்டு தடிப்பில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள்.

விண்டோஸ்

64 பிற் விண்டோஸா என்று பாருங்கள். 32 பிற் என்றால் 8 ஜிபி போட்டும் மூன்றரைக்கு மேல் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடப்டரைத் திறந்து இன்டெல் எச்டி கிராபிக்ஸ் என்று இருப்பதை உறுதிப்படுத்துங்கள். மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர் என்றிருந்தால் டிரைவர் ஏறவில்லை. கேம் தொடங்கவே மாட்டாது, தொடங்கினாலும் ஸ்லைட் ஷோதான். லப்டொப் கம்பனியின் தளத்தில் அந்த மொடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

பாதை ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். விண்டோஸ் டிஃபெண்டர் ஒவ்வொன்றையும் திறக்கும்போதே சோதிக்கும். ஹார்ட் டிஸ்க் லப்டொப்பில் இது பெரிய சுமை. இறக்கிய கோப்பை ஒருமுறை ஸ்கான் செய்து சுத்தமென்று கண்டபின், பாதைகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்குளூஷனில், அதாவது சோதிக்காமல் விடும் பட்டியலில், சேருங்கள். ஒன்டிரைவையும், தானாகத் தொடங்கும் மற்றச் சாமான்களையும் நிறுத்திவிடுங்கள்.

நிறுவுவதும் பாதை சேர்ப்பதும்

ஓப்பன் ரெயில்ஸை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். அதற்கு வேண்டிய டொட்நெற் என்ற மைக்ரோசொஃப்ட் துணை மென்பொருள் இல்லாவிட்டால் நிறுவும்போதே தெரிந்துவிடும். பாதைகளுக்கு சி அல்லது டி டிரைவின் வேரிலேயே ஒரு ஃபோல்டர் திறவுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் விண்டோஸின் அனுமதிக் கட்டுப்பாடு கோப்புகளை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டுக் குழப்பும்.

பாதைக் கோப்புகள் ஒன்று, இரண்டு ஜிபி வரும். இரவு டேட்டா இருக்கும் பக்கேஜ் என்றால் டவுன்லோட் மேனேஜரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பிரவுசரில் நேரடியாக இறக்கினால் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம். விரித்த பின் உள்ளே ரூட்ஸ், ட்ரெயின்ஸ், குளோபல், சவுண்ட் என்ற நாலு ஃபோல்டரும் அருகருகே இருக்க வேண்டும். ஒப்ஷன்ஸில் கொன்டென்ட் பக்கத்தில் சேர்க்க வேண்டியது இந்த நாலுக்கும் நேர்மேலே உள்ள ஃபோல்டரை. ரூட்ஸையே காட்டினாலும் பிழை, இரண்டு படி மேலே காட்டினாலும் பிழை; பட்டியல் வெறுமையாகவே இருக்கும். புதிதாக வருபவர்கள் தடக்குவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

எந்தப் பாதையை எடுப்பது என்பது எந்த செற்றிங்கையும்விடப் பெரிய முடிவு. கல்ஓயா சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நமது திருகோணமலைக்கு வரும் பாதையை நினைத்துப் பாருங்கள்: ஒற்றைத் தண்டவாளம், சின்ன நிலையங்கள், வயல், பற்றை. அந்த மாதிரியான கிராமப்புறப் பாதையைத் தேடுங்கள். எட்டு மேடை உள்ள நகர நிலையம், பெரிய யார்ட், பத்து ரயில் ஒரே நேரத்தில் ஓடும் அக்டிவிற்றி (முன்கூட்டியே அமைத்த ஓட்டப் பணி), இவை ஐ3ஐ மண்டியிட வைக்கும். இன்னொரு பொறி: சில பாதைகள் மைக்ரோசொஃப்ட் சிமுலேற்றரின் மூலக் கோப்புகள் ஏற்கனவே இருப்பதாக நினைத்துச் செய்யப்பட்டவை. அந்த டிஸ்க் இல்லாதவர்கள் தனித்து இயங்கும் பாதை என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் எடுக்கவும். கோப்புக் குறைந்தால் ஓப்பன் ரெயில்ஸ் டெஸ்க்டொப்பில் ஒரு லொக் கோப்பு எழுதிவைக்கும். அதைத் திறந்தால் எந்தக் கோப்பு இல்லை என்பது பெயரோடு இருக்கும்.

செற்றிங்ஸ்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே இடத்தில், ஒரே காமராக் கோணத்தில் அளந்து பாருங்கள். செக்கனுக்கு 30 பிரேம் நிலையாக வந்தால் ரயிலுக்குத் தாராளம். 20 வந்தாலும் ஓட்டலாம். இது துப்பாக்கி விளையாட்டு இல்லை. 60 வந்து 15க்கு விழுந்து ஏறுவதைவிட 25இல் நிற்பது கண்ணுக்கு நல்லது.

டைனமிக் ஷாடோஸை முதலில் நிறுத்துங்கள். நிழலுக்காகக் காட்சியை மேலும் சில தடவை வரைய வேண்டியிருப்பதால் இன்டெல் கிராபிக்ஸில் அதிக விலை இதற்குத்தான். படத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் அன்டிஅலியாசிங்கும் அப்படியே, பூச்சியம். விண்டோ அளவை 1024க்கு 576 ஆக்குங்கள். திரையின் விகிதம் மாறாது, ஆனால் வரைய வேண்டிய புள்ளிகள் பத்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரமாக இறங்கும். கிட்டத்தட்டப் பாதி வேலை மிச்சம்.

வியூயிங் டிஸ்டன்ஸ் முதலில் 2000 மீற்றரில் இருக்கும். 1000 முதல் 1200க்கு இறக்குங்கள். சிக்னல் தெரியாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம்: 100 கிலோமீற்றர் வேகத்தில்கூட 1000 மீற்றர் என்பது 36 செக்கன் தூரம். அதற்கும் மேலே தெரிய வேண்டுமென்றால் எஃப்4 அழுத்தினால் வரும் ட்ராக் மொனிட்டர் அடுத்த சிக்னலையும் வேகக் கட்டுப்பாட்டையும் காட்டும். டிஸ்டன்ட் மவுண்டன்ஸை நிறுத்துங்கள். மலைப் பாதையில் அடிவானம் மொட்டையாகத் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வேர்ல்ட் ஒப்ஜெக்ட் டென்சிட்டியைக் கடைசியாகத் தொடுங்கள். அது மரம், கம்பம் போன்ற அலங்காரங்களைக் கழிப்பது. அளவுக்கு மீறிக் குறைத்தால் பொட்டல் வெளியில் ஓட்டுவதாக இருக்கும்.

தானாகவே செற்றிங்கைக் கூட்டிக் குறைத்து இலக்கு பிரேமைப் பிடிக்கும் வசதியும் உண்டு. அது செய்வது வியூயிங் டிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைப்பது மட்டும். ஓடும்போது தூரத்து நிலம் வருவதும் மறைவதுமாக இருக்கும், நாங்கள் இதைச் சிபாரிசு செய்யமாட்டோம். பதிப்புக்குப் பதிப்பு இந்தத் தெரிவுகள் வேறு பக்கத்துக்கு இடம் மாறும், வீடியோ பக்கத்தில் காணாவிட்டால் எக்ஸ்பெரிமென்டலில் பாருங்கள்.

பிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வேர்ட்டிகல் சிங்கை, பிரேம் அளக்கும்போது நிறுத்திவையுங்கள். எல்லாம் சரிசெய்தபின் எப்போதும் 30க்கு மேலே நிற்கிறதென்றால் போடுங்கள். தேவையில்லாத பிரேம்களை வரையாததால் சூடும் குறையும். சத்தத்தின் நுணுக்க அளவை 5இலிருந்து 3க்கு இறக்கினால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 1ஐ அழுத்தி எஞ்சின் அறைக்குள் இருந்து ஓட்டுவது, 2ஐ அழுத்தி வெளியே நின்று நீண்ட ரயிலைப் பார்ப்பதைவிட இலகுவானது.

எங்கே இடிக்கிறது

எஃப்5 அழுத்தினால் திரையில் தகவல் வரும். ஷிஃப்டோடு எஃப்5ஐத் திரும்பத் திரும்ப அழுத்திக் கடைசிப் பக்கங்களில் உள்ள டிபக் தகவலுக்குப் போங்கள். ரெண்டர், அப்டேற்றர், லோடர், சவுண்ட் என்று முன்னர் சொன்ன நாலு பங்கும் சதவீதத்தோடு நிற்கும்.

பிரேம் எப்போதும் ஒரே மாதிரிக் குறைவாக இருந்து ரெண்டர் உச்சியில் நின்றால் கிராபிக்ஸ் தாங்கவில்லை: விண்டோ அளவு, நிழல், தூரம். அப்டேற்றர் உச்சியில் என்றால் ஓடும் ரயில்களும் பெட்டிகளும் அதிகம். சின்ன அக்டிவிற்றிக்கு மாறுங்கள். பிரேம் நன்றாக இருந்தும் அடிக்கடி ஒரு செக்கன், இரண்டு செக்கன் உறைந்து நின்றால் அது லோடர். இந்தப் பாதைகளின் நிலம் 2048 மீற்றர் சதுரங்களாக வெட்டப்பட்டது. புதுச் சதுரத்துக்குள் நுழையும்போது அதன் பொருள்களை எல்லாம் டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திக்கினால் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது: டிஸ்க் வேகம் போதாது. எஸ்எஸ்டி வாங்கும்வரை வேகம் குறைந்த பசஞ்சர் ரயிலாக எடுத்து ஓட்டுங்கள், லோடருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

திக்கலோடு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் ராம் முடிந்து விண்டோஸ் டிஸ்கை ராமாகப் பாவிக்கிறது. அப்போது டெக்ஸ்ச்சர்களை, அதாவது பொருள்களின் மேல் போர்த்தும் படங்களை, பாருங்கள். 1024க்கு 1024 படம் சுருக்காமல் இருந்தால் 4 எம்பி, டிஎக்ஸ்டி1 முறையில் சுருக்கினால் அரை எம்பி. சில புது எஞ்சின்களில் 2048 அளவுப் படங்கள் சுருக்காமலே கிடக்கும், ஒன்றே 16 எம்பி. அளவைப் பாதியாக்கினால் மெமரி காலாகும். ட்ரெயின்ஸ் ஃபோல்டரில் மிகப் பெரிய ஏஸ் (.ace) படக் கோப்புகளைத் தேடி, டிஜிஏடூல்2 போன்ற கருவியால் சிறிதாக்குங்கள். மூலக் கோப்பின் கொப்பி ஒன்று வேறிடத்தில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பற்றரி செத்த லப்டொப்பில் கரண்ட் போனால் பயணமும் போய்விடும், ஒவ்வொரு நிலையத்திலும் எஃப்2 அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். முதன்மைப் பக்கத்தில் ரெஸ்யூம் கொடுத்து அங்கிருந்தே தொடரலாம். ஓப்பன் ரெயில்ஸைப் புதுப்பதிப்புக்கு மாற்றியபின் பழைய சேமிப்பு திறக்காமல் போகலாம், பயணத்தை முடித்துவிட்டு மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 15ஐத் தாண்டாவிட்டால், அல்லது உங்களுடையது கோர் 2 டுவோ காலத்து மெஷின் என்றால், ஓப்பன்பிவிஇக்குப் போங்கள். அதுவும் இலவசம். பாதை முழுவதையும் தொடக்கத்திலேயே ராமுக்குள் ஏற்றிவிடுவதால் ஓடும்போது திக்காது. ஏற்ற எடுக்கும் நேரத்தில் ஒரு தேத்தண்ணி போட்டுவரலாம். முக்கியமாக எஞ்சின் அறையிலிருந்து ஓட்டுவதற்கென்று வளர்ந்த சிமுலேற்றர் என்பதால் வெளிக் காட்சி சாதாரணமாகத்தான் இருக்கும். வியூயிங் டிஸ்டன்ஸை 600 மீற்றரிலும், இன்டர்பொலேஷனை பைலீனியரிலும் வைத்தால் 2 ஜிபி ராமிலும் சின்னப் பாதைகள் போகும்.